அவருக்கு மனசே இல்லை என்று அந்தத் தங்கச்சியிடம் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் கேட்டிருந்த கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் வாசித்தேன். அடுத்த வாரம் அதைப் பற்றி ஒரு வாசகர் எழுதிய கடிதத்தையும் வாசித்தேன். அதற்கு அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை. அந்தத் தங்கச்சி விரும்புகிறவருக்கு ஓட்டிசம் (ஆட்டிசம்) இருப்பதாக டொக்டர் சொல்லியிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, போன் எடுத்தால் பதில் இல்லை, தான் அழுதால் ஆறுதல் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறார், ஆனால் மழை நாளில் பஸ் ஸ்டாண்டில் குடையோடு வந்து நிற்கிறார், இவரை நம்பிக் கல்யாணம் கட்டலாமா என்பதுதான் கேள்வி. பதில் எழுதியவர், இப்படிப்பட்டவர்களுக்கு அடுத்தவர் மனசு புரியாது, அன்பு காட்டத் தெரியாது, வாழ்க்கையை வீணாக்காதே என்று நாலு வரியில் முடித்துவிட்டார். கடிதம் எழுதிய வாசகரோ, நீ அன்பாகப் பார்த்துக்கொள் மகளே, ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆசீர்வாதம் செய்திருக்கிறார். என்னைக் கேட்டால் இரண்டும் தப்பு. இரண்டாவது கூடுதல் ஆபத்து.

நான் எழுதக் காரணம், என் கணவருக்கும் ஓட்டிசம். எனக்கு இல்லை. ஹட்டனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது பெக்டரியில், அவர் மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் வேலை செய்கிறார், நான் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். காதலித்துத்தான் கட்டிக்கொண்டோம். அப்போது ஓட்டிசம் என்ற பேச்சே எங்களுக்குள் வந்ததில்லை. "ஒரு மாதிரி ஆள்" என்று ஊரில் சொல்வார்கள், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அப்புறம் அவருடைய அக்கா மகனைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது இவரும் கூடப் போனார். பிள்ளைக்குச் சட்டைக் கழுத்திலுள்ள லேபல் குத்துகிறதா, ஒரே விளையாட்டைத் திரும்பத் திரும்ப விளையாடுகிறானா, போகிற பாதையை மாற்றினால் அழுகிறானா என்று அங்கே கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்து, "அதெல்லாம் நான்தானே" என்றார். பெரியவர்களைப் பரிசோதிக்கிற இடத்தைத் தேடி அலைந்து கடைசியில் ஓரிடத்தில் உறுதிசெய்தார்கள். அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. அவருக்குக் கடைக்குப் போகவும் பஸ்ஸில் பேசவும் சிங்களம் தெரியும், ஆனால் தன் மனசுக்குள் நடப்பதைத் தமிழிலேயே சொல்லத் தடுமாறுகிற மனிதர். அவர் சொன்னதை நான் சிங்களத்தில் சொல்லவேண்டி வந்தது. கட்டின பெண்சாதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் எதையெல்லாம் சொல்லுவார், எதையெல்லாம் விழுங்குவார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை அவர் வாசித்துவிட்டார். எடுக்கச் சொன்ன இடங்களை எடுத்துவிட்டேன்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். ஓட்டிசம் என்றால் நம் ஆட்களுக்கு உடனே சின்னப்பிள்ளைதான் ஞாபகம் வரும். 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற டொக்டர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதியதிலிருந்து அது பிள்ளைகளின் விஷயமாகவே பேசப்பட்டு வந்தது. அது பிறப்பிலிருந்தே மூளை வேறு விதமாக வளர்ந்திருப்பது. மருந்து குடித்து மாறுகிற காய்ச்சல் இல்லை. பிள்ளை வளர்ந்து ஆளாகும், ஓட்டிசமும் கூடவே இருக்கும். நம் இலங்கையில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு, 18 முதல் 24 மாத வயதுப் பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்று சொன்னது. அன்றைக்குத் தவழ்ந்து நடந்த அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு வாலிப வயதில் இருக்கிறார்கள். டவுனில் வேலை செய்கிறார்கள், கொழும்புக்குப் போகிறார்கள், மற்றப் பிள்ளைகளைப் போல அவர்களுக்கும் ஒருவர் மேல் ஆசை வருகிறது. காதலும் கல்யாணமும் அவர்களுக்கு எதற்கு என்று கேட்க நாம் யார்? சிலருக்கு அந்த ஆசை இல்லாமலும் இருக்கலாம், அது வேறு. மற்றவர்களிலும் அப்படி இருக்கிறார்கள்தானே. பேச்சே வராத, நாள் முழுக்க ஒருவர் கூடவே இருந்து பார்க்கவேண்டிய ஓட்டிசப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அந்தத் தாய்மாரின் பாரம் வேறு, அதை நான் இங்கே கலக்கவில்லை. தானாக யோசித்து, தானாக ஒருவரை விரும்பி, தானாகச் சம்மதம் சொல்லக்கூடியவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"அடுத்தவர் மனசு புரியாது" என்று எழுதியிருந்தாரே, அந்த இடத்துக்கு வருகிறேன். 2012இல் இங்கிலாந்தில் டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அவருக்கும் ஓட்டிசம். அவர் கேட்டது நியாயமான கேள்வி: எங்களுக்கு உங்கள் மனசு புரியவில்லை என்கிறீர்கள், சரி, உங்களுக்கு எங்கள் மனசு புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, பழியை மட்டும் ஒரு பக்கத்தில் போடுகிறீர்கள் என்றார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். எட்டுப் பேரை வரிசையாக வைத்து, முதல் ஆளுக்கு ஒரு கதையைச் சொல்லி, அவர் அடுத்தவருக்கு, அவர் அதற்கு அடுத்தவருக்கு என்று கடத்தச் சொன்னார்கள். மொத்தம் 72 பேர். ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை மற்றவர்களின் வரிசையில் போன அளவுக்கே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு வகையினரையும் கலந்து வைத்த வரிசையில்தான் பாதி வழியில் நிறைய உதிர்ந்துபோனது. இது 2020இல் வந்தது. அதே வேலையை 311 பேரை வைத்துச் செய்து 2025இல் வெளியிட்டபோது கலந்த வரிசையிலும்கூட வித்தியாசம் தெரியவில்லை. முதல் முடிவு சரியா, இரண்டாவது சரியா என்று ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டிலும் ஓட்டிசம் உள்ளவர்கள் விஷயத்தைச் சொல்லவும் விளங்கவும் மற்றவர்களை விடக் குறைந்துபோகவில்லை, அதுதான் எனக்கு முக்கியம்.

இன்னொன்று, இது நம் ஊர்ப் பெண் பார்க்கிற வழக்கத்தோடு நேராகப் பொருந்துகிறது. அமெரிக்காவில் நோவா சாசன் என்பவரும் கூட இருந்தவர்களும் 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசுகிற சில விநாடி வீடியோக்களை, யாருக்கு ஓட்டிசம் என்று சொல்லாமல் மற்றவர்களிடம் காட்டினால், பார்த்த மாத்திரத்திலேயே ஓட்டிசம் உள்ளவர்களோடு பழக விருப்பமில்லை என்று மார்க் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அதே ஆட்கள் பேசியதை எழுத்தில் மட்டும் கொடுத்து வாசிக்கச் சொன்னால் அந்த வெறுப்பு காணாமல் போகிறது. பேசிய விஷயத்தில் ஒரு குறையும் இல்லை. குரலும் முகமும் உட்கார்ந்த விதமும்தான் பார்த்தவர்களுக்குப் பிடிக்காமல் போயிருக்கிறது. நம் வீடுகளில் என்ன நடக்கிறது? காம்பராவில் (வீட்டு அறையில்) பத்துப் பதினைந்து பேர் நெருக்கி உட்கார்ந்திருக்க, பெண்ணோ மாப்பிள்ளையோ டீயும் வடையும் வைத்த மேசைக்கு எதிரே ஐந்து நிமிஷம் இருந்து, மாமாக்கள் கேட்கிற கேள்விக்குச் சிரித்த முகமாகப் பதில் சொல்லவேண்டும். ஓட்டிசம் உள்ள ஒருவரை விழுத்தவேண்டும் என்று திட்டம் போட்டாலும் இதை விட மோசமான இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் காதல் வளர்ந்தது முழுக்க வட்ஸ்அப் மெசேஜில். நேரில் வாய் திறக்கத் தயங்குகிறவர் எழுத்தில் பக்கம் பக்கமாக எழுதினார். ஸ்டோரில் இருக்கும் தேயிலை காய வைக்கிற பழைய சிரோக்கோ டிரையர் பெல்ஃபாஸ்டில் டேவிட்சன் கம்பெனி செய்தது, கப்பலில் வந்து மலை ஏறியது, உள்ளே சூடு எப்படிச் சுற்றுகிறது, கொழுந்து எந்தப் பதத்தில் வெளியே வரவேண்டும் என்று அவர் அனுப்பியதையெல்லாம் நான் இன்னும் வைத்திருக்கிறேன். தனக்கு ஆகப் பிடித்ததை ஒருவர் இவ்வளவு விரிவாக எனக்கு மட்டும் சொல்கிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கியது. ஓட்டிசம் உள்ளவர்களில் நிறையப் பேர் அன்பை இப்படித்தான் காட்டுகிறார்கள். பூ வாங்கித் தரமாட்டார்கள், தாங்கள் நேசிக்கிற விஷயத்தின் நடுவில் கொண்டுபோய் நம்மை உட்கார வைப்பார்கள்.

அழும்போது எழுந்து போய்விடுகிறார் என்று அந்தத் தங்கச்சி எழுதியிருந்ததை வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. என் அப்பா இறந்த வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெண்கள் எல்லாம் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, இவர் கிட்டேயே வரவில்லை. வெளியே கொட்டகைக்கு லைட் போட்டார், வந்தவர்களுக்குக் கதிரை தூக்கினார், பீலியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டே இருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "கல் நெஞ்சுக்காரன், மாமன் செத்ததுக்கு ஒரு வார்த்தை பேசுறானா பாரு" என்று என் காது படவே பேசினார்கள். ராத்திரி எல்லோரும் அசந்த நேரம் என்னிடம் வந்து, "எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. உனக்கு என்ன வேணும்னு சொல்லு, அதைச் செய்றேன்" என்றார். சும்மா பக்கத்தில் உட்காருங்க, போதும் என்றேன். விடியும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஓட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு அடுத்தவர் அழுகை உள்ளே போய் அளவுக்கு மீறி இடிக்கிறது, தாங்க முடியாமல் எழுந்து போகிறார்கள். இல்லாவிட்டால் எது சரி என்று தெரியாமல் கையைக் காலை அசைத்து வேலை ஒன்றைச் செய்கிறார்கள். போய்விட்டார் என்பதை வைத்துப் பாசம் இல்லை என்று எழுதிவிடுவது கொடுமை.

நம் பேச்சு வழக்கம் வேறு இதைக் கூட்டிவிடுகிறது. நாம் எதையுமே நேராகச் சொல்லமாட்டோம். வீட்டுக்கு வந்தவர் சாப்பிட்டுவிட்டேன் என்பார், அதை நம்பாமல் தட்டு வைக்கவேண்டும். கோபம் வந்தால் ஒன்றுமில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வோம், புருஷன் தானாகக் கண்டுபிடித்து வந்து கெஞ்சவேண்டும். மாமியார் மருமகளைச் சொல்லவேண்டியதைக் கோழியைத் திட்டிச் சொல்வார். இப்படி ஜாடைமாடையில் வாழ்கிற இடத்தில், சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற ஒருவருக்கு ஒவ்வொரு நாளும் பரீட்சை. "தேங்காய் முடிஞ்சிருச்சு" என்று நான் சொன்னால் அவர் "ம்" என்பார், ஏனென்றால் அது ஒரு செய்தி. "வரும்போது ஒரு தேங்காய் வாங்கிட்டு வாங்க" என்றால் மழையோ பனியோ ஒரு நாளும் மறக்கமாட்டார். காதலிக்கிறவர்களும் இதைத்தான் செய்யவேண்டும். இன்றைக்கு மனசு சரியில்லை, கொஞ்ச நேரம் என்னோடு பேசுங்கள் என்று வாயால் சொல்லவேண்டும். கேட்டு வாங்குகிற அன்பு அன்பா என்று என் சிநேகிதி கேட்டாள். கேட்டவுடன் மனசு நிறைந்து தருகிறவரிடம் கேட்பதில் என்ன குறைச்சல்? அதே போல அவர் நேராகச் சொல்வதையும் நாம் தாங்கிக்கொள்ளப் பழகவேண்டும். இந்தச் சேலை நல்லா இருக்கா என்றால் இல்லை என்றுதான் சொல்வார், அது குத்துவதற்காகச் சொன்னது இல்லை.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மலையகத்தில் இந்தக் கதை முழுமையாகாது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு காம்பராவுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பக்கத்து வீட்டு டிவி, குழந்தை அழுவது, இஸ்தோப்பில் சண்டை, கோயில் ஸ்பீக்கர், எல்லாம் நம் வீட்டுக்குள்ளேயே நடக்கிற மாதிரி இருக்கும். என் கணவர் ஸ்டோரில் ரோலர் ஓடுகிற இரைச்சலில் எட்டு மணிநேரம் நிற்பார், அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரு பெயரிங் தேய்கிறது என்பதைக் காதால் கண்டுபிடிப்பார். ஆனால் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் உடம்பே துள்ளும். ஒரே சீராக வருகிற சத்தமும் எதிர்பாராமல் வருகிற சத்தமும் அவருக்கு ஒன்றில்லை. வெளிச்சம், வாசனை, துணி, தொடுதல் எல்லாவற்றிலும் இப்படி இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும்; 2013இலிருந்து டொக்டர்மார் ஓட்டிசத்தைக் கணிக்கிற அடையாளங்களிலும் இதைச் சேர்த்திருக்கிறார்கள். புருஷன் பெண்சாதி விஷயத்தில் தொடுதல் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. மெதுவாக வருடினால் சிலருக்கு எரிச்சல், இறுக்கிப் பிடித்தால் நிம்மதி. தூக்கத்தில் தொட்டால் திடுக்கிடுவார்கள், சொல்லிவிட்டுத் தொட்டால் சந்தோஷம். கையைத் தட்டிவிட்டார், என்னைப் பிடிக்கவில்லை என்று அழுதுகொண்டு அம்மா வீட்டுக்குப் போன பெண்களை எனக்குத் தெரியும். இரண்டு பேரும் வெட்கத்தை விட்டுவிட்டு எது பிடிக்கும் எது பிடிக்காது என்று பேசியிருந்தால் அந்தப் பயணம் தேவைப்பட்டிருக்காது. ஓட்டிசம் இல்லாத ஜோடிகளும் பேசவேண்டிய விஷயம்தான் இது, நாம் யாருமே பேசுவதில்லை.

சண்டை வராதா என்றால் வரும். நாங்களும் போடுகிறோம். கூட்டமும் சத்தமும் மனக்கஷ்டமும் ஒரே நாளில் சேர்ந்தால் அவருக்கு வாய் அடைத்துப்போகும். கேள்வி கேட்கக் கேட்க இன்னும் அடைக்கும். அந்த நேரம் அவர் என்னைத் தண்டிப்பதற்காக மௌனமாக இருக்கவில்லை, அவருக்குச் சொல் வரவில்லை. இதற்கு நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: அவர் கையைக் காட்டினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவேன், ஆனால் எப்போது திரும்பப் பேசுவது என்று அவர் சொல்லியே ஆகவேண்டும், நாளைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்றால் அந்த நேரத்துக்குச் சரியாக வந்து உட்காருவார். இந்த இரண்டாவது பாதி இல்லாவிட்டால் முதல் பாதி அநியாயம். ஓட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தங்களுக்குள் எழுகிற உணர்ச்சி கோபமா பயமா துக்கமா என்று பெயர் சொல்லத் தெரிவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. என்ன ஆச்சு என்று கேட்டால் தெரியாது என்பார். அது உண்மையான பதில். ஒரு நாள் விட்டு, "அன்னைக்கு எனக்குப் பயமா இருந்துச்சு" என்று தானே வந்து சொல்வார்.

நான் எழுதுவதை வாசித்து, எல்லாவற்றையும் அவளே அனுசரித்துப் போகிறாள் போல என்று யாரும் நினைக்கவேண்டாம். அவரும் போகிறார். எனக்காகச் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வந்து தாலி கட்டும் வரை இருப்பார், அப்புறம் வெளியே போய் நிற்பார், நான் சாப்பிட்டு முடித்து வரும்போது சேர்ந்து வீட்டுக்குப் போவோம். பகலில் ஒரு முறையாவது மெசேஜ் போடவேண்டும் என்று கேட்டேன், போடுகிறார். ஆனால் தனிமை எனக்கும் வரும். ஊர்க்கதை பேசிச் சிரிக்க, சும்மா நொறுக்குத்தீனி சாப்பிட்டுக்கொண்டு புலம்ப அவர் சரிவரமாட்டார், அதற்கு என் தங்கச்சி இருக்கிறாள், ஸ்கூலில் சிநேகிதிகள் இருக்கிறார்கள். இதைச் சொன்னால் "பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறவர்களும் வேண்டாம், "தெய்வமே, நீ தியாகி" என்கிறவர்களும் வேண்டாம். நான் யாருக்கும் சேவை செய்ய வரவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது, இப்போதும் பிடித்திருக்கிறது.

அப்படியே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். அடிப்பது, காசைப் பிடுங்கிக்கொள்வது, போனைப் பறித்துச் சோதிப்பது, குடித்துவிட்டு வந்து கேவலமாகப் பேசுவது எதுவும் ஓட்டிசம் இல்லை. ஓட்டிசம் உள்ள ஒருவர் அப்படிச் செய்தாலும் அதைப் பொறுத்துப் போகவேண்டும் என்று எந்தப் பெண்ணுக்கும் எந்த ஆணுக்கும் சட்டமில்லை. "அவனுக்கு நோய் இருக்கு, நீதான் பொறுத்துக்கணும்" என்று சொல்லி மகளைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி நாம் பேசுவதே குறைவு. பையன் என்றால் ஒரு மாதிரி என்று கண்டுகொள்கிறோம், பெண் என்றால் அடக்கமான பிள்ளை, கூச்ச சுபாவம் என்று பாராட்டி விட்டுவிடுகிறோம். நிறையப் பெண்கள் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கவும் தலையாட்டவும் பழகிக்கொண்டு, வீட்டுக்கு வந்து களைத்து விழுகிறார்கள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் அந்த வேஷத்தை இருபத்துநாலு மணிநேரமும் போடமுடியாதே, அப்போதுதான் "மருமகளுக்குக் காத்துக்கருப்பு புடிச்சிருக்கு" என்று கயிறு கட்டக் கூட்டிப்போகிறார்கள். அதோடு சொன்னதை அப்படியே நம்புகிற குணம் இருக்கிறதே, அதைக் கெட்டவர்கள் நன்றாகப் பயன்படுத்துவார்கள். ஓட்டிசம் உள்ள பெண்கள் பாலியல் கொடுமைக்கு ஆளாவது மற்றவர்களை விட அதிகம் என்று வெளிநாட்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அதற்காகப் பிள்ளையைப் பூட்டி வைக்கக் கூடாது. வேண்டாம் என்று சொல்ல உனக்கு உரிமை இருக்கிறது, உன்னை விரும்புகிறவன் காசு கேட்கமாட்டான், ரகசியமாக வை என்று சொல்லமாட்டான், உன் சம்மதம் இல்லாமல் தொடமாட்டான் என்று தெளிவான சொல்லில் சொல்லிக் கொடுக்கவேண்டும். நாம் வெட்கப்பட்டு ஜாடையில் சொன்னால் அவளுக்கு அது போய்ச் சேராது.

இப்போது அந்த வாசகரின் ஆசீர்வாதத்துக்கு வருகிறேன். கல்யாணம் கட்டினால் சரியாகிவிடும் என்று சொல்லி, மகனுக்கு அல்லது மகளுக்கு ஓட்டிசம் இருப்பதைத் தரகரிடமும் மறைத்து, ஜாதகப் பொருத்தம் மட்டும் பார்த்து முடித்து வைக்கிற வேலை நம் பக்கத்தில் நடக்கிறது. வந்து சேர்கிற பெண்ணுக்கு அது துரோகம் என்று எல்லோருக்கும் தெரியும். மகனுக்கும் துரோகம் என்று யோசிக்கிறோமா? அவனுக்குக் கல்யாணம் வேண்டுமா என்றுகூடக் கேட்காமல், முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே காம்பராவில் விட்டுவிட்டு, ஆறு மாதத்தில் மாறவில்லை என்று அவனையே திட்டுகிறோம். பிள்ளை பிறந்தால் சரியாகும் என்பது இன்னும் மோசம். ராத்திரி முழுக்க அழுகிற சின்னக் குழந்தை, தூக்கமின்மை, வீடு நிறைய விருந்தாளி, இதெல்லாம் சத்தத்தில் தவிக்கிற ஒருவருக்கு எப்படி மருந்தாகும்? ஓட்டிசம் குடும்ப வழியாக வருகிற வாய்ப்பு அதிகம்தான், அதையும் மறைக்கக் கூடாது. தெரிந்துகொண்டு பெறுவதா வேண்டாமா என்று அவர்கள் இரண்டு பேரும் முடிவெடுக்கட்டும், மாமியார் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. அதன் 23ஆம் உறுப்புரை, கல்யாண வயது வந்த எவருக்கும் முழுமையான சுதந்திரமான சம்மதத்தோடு கல்யாணம் செய்து குடும்பம் அமைக்கிற உரிமை உண்டு என்கிறது. ஒருவரைக் கட்டவிடாமல் தடுப்பதும் அதற்கு விரோதம், சம்மதம் கேட்காமல் கட்டி வைப்பதும் விரோதம்.

அந்தத் தங்கச்சிக்கு: கட்டு என்றும் கட்டாதே என்றும் நான் சொல்லமாட்டேன், எனக்கு அவரைத் தெரியாது. அவரிடம் நேராகக் கேளுங்கள். நான் அழும்போது ஏன் போகிறீர்கள், எந்தச் சத்தம் உங்களுக்கு ஆகாது, என் வீட்டாரோடு ஒரே லயத்தில் இருக்கமுடியுமா, தனியாக இருக்கிற நேரம் எவ்வளவு வேண்டும், சம்பளம் யார் கையில் இருக்கவேண்டும், பிள்ளை வேண்டுமா, உங்களுக்கு ஓட்டிசம் என்று என் அம்மா அப்பாவிடம் சொல்லலாமா. போனில் கேட்காதீர்கள், மெசேஜில் எழுதி அனுப்புங்கள், ஒவ்வொன்றாக அனுப்புங்கள், பதில் வர இரண்டு மூன்று நாள் ஆனால் பயப்படாதீர்கள். உங்களுக்கு என்ன தேவை என்பதையும் எழுதுங்கள். வருகிற பதிலில் உங்களுக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விலகிவிடுங்கள், ஓட்டிசம் உள்ளவரை விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சி தேவையில்லை, மற்ற எவரை விட்டு விலகுவது போலத்தான் அதுவும்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. இப்படியான கேள்வி வந்தால், பதில் எழுதும் முன் ஓட்டிசம் உள்ள பெரியவர் ஒருவரிடமும் கேட்டு எழுதுங்கள். மலையகத்தில் தமிழ் பேசுகிறவர்களில் அவர்கள் இருக்கிறார்கள், எழுதவும் தெரியும். பெயர் போடாமல் வெளியிடுவீர்கள் என்றால் என் கணவரே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஹட்டனிலிருந்து ஒரு வாசகி
(பெயர் வெளியிட வேண்டாம்)